பஸ்ஸில் கேட்கும், வீட்டில் கேட்காது

என் மரியாதைக்கும் சண்டைக்கும் உரிய மாமாவுக்கு,

உங்கள் மருமகள் ஈஸ்வரி எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு நம் திராட்சைத் தோட்டத்தில் கொடி வெட்டும் கவாத்து முடிந்து, கொத்து விட்டு, அறுப்பும் ஆகி, மறுபடியும் கவாத்து வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறவர்களுக்கே யாரும் கடிதம் எழுதாத காலத்தில், போனவருக்கு எதற்குக் கடிதம் என்று உங்கள் மகன் கேட்டார். எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, எழுதுகிறேன், உங்களுக்கு என்ன போயிற்று என்றேன். அவர் மருந்தடிக்கப் போய்விட்டார்.

நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். காது விஷயத்தை ஒளித்து வைக்கிற பழக்கத்தை நம் வீட்டில் நீங்கள்தான் ஒழித்தீர்கள். அதனால் உங்களுக்குக் கோபம் வராது என்று நம்புகிறேன்.

செய்தி இதுதான், மாமா. உங்கள் பேத்தி, என் மகள் சுகந்தி முழுகாமல் இருக்கிறாள். வயிறு நன்றாகத் தெரிகிறது. முகம்கூடத் தெளிந்திருக்கிறது. ஆனால் அவளுக்குக் காது மந்தமாகத் தொடங்கியிருக்கிறது. எனக்கு வந்த அதே மாதிரி.

போன மாதம் போனில் பேசும்போதே எனக்குச் சந்தேகம். "ம்? என்னம்மா?" என்று ஒவ்வொன்றையும் திருப்பிக் கேட்டாள். அவள் குரலும் இறங்கியிருந்தது. போடியில், ஏலக்காய் வியாபாரிகள் குடும்பத்தில், கொழுந்தன் ஓரகத்தி என்று நிறைந்த வீட்டில் வாழப் போன பெண். நான் பட்டதை அவளும் படப்போகிறாளா? கூப்பிட்டால் திரும்பாதவள், திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்கி, பையைத் தூக்கிக்கொண்டு ஓடைப்பட்டிக்கு வந்து நிற்பாளா? இந்த ஒரே கேள்வியோடுதான் போடிக்குப் பஸ் ஏறினேன்.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். பொறுங்கள். நீங்கள் யாரையும் பேசவிட்டு முழுசாகக் கேட்டவர் இல்லை. இப்போதாவது கேளுங்கள்.

நான் பட்டது உங்களுக்கு நினைவிருக்கும். படிக்கிறவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சுகந்தியைப் பெற்று நான் வருசநாட்டில் அம்மா வீட்டில் இருந்தபோதே காது லேசாக அடைத்த மாதிரி இருந்தது. பிள்ளை பெற்றவள் காதில் பஞ்சை வைத்து, தலையைச் சுற்றித் துண்டைக் கட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று ஏறிவிடும் என்பார்கள். சித்திரை வெயிலில் யார் அந்தத் துண்டோடு கிடப்பது? நான் பிடுங்கி எறிந்துவிட்டேன். அவ்வளவுதான், காது போனதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. "சொன்ன பேச்சைக் கேக்காம பஞ்சை எடுத்தால்ல, காத்து ஏறிருச்சு" என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். ஒருத்தி நல்லெண்ணெயில் பூண்டைக் காய்ச்சிக் காதில் ஊற்றினாள். இன்னொருத்தி கோழி இறகை விட்டுக் குடைந்தாள். எண்ணெய் மூன்று நாள் தலையணையில் வழிந்ததுதான் மிச்சம்.

ஓடைப்பட்டிக்குத் திரும்பிய பிறகு இன்னும் மோசமானது. அத்தை நான் வாழ வருவதற்கு முன்பே காலமாகிவிட்டதால் வீட்டில் நீங்கள், உங்கள் மகன், நான், கைக்குழந்தை, அவ்வளவு பேர்தான். அமைதியான வீடு. அந்த அமைதியில்தான் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் மகன் சாதாரணமாக "தண்ணி குடு" என்றால் நான் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பேன். ஆனால் தோட்டத்தில் முதுகில் மருந்தடிக்கிற மெசினைக் கட்டிக்கொண்டு, அது காதைக் கிழிக்கிற மாதிரி ஓடும்போது அவர் கூப்பிட்டால் உடனே திரும்பிவிடுவேன். பஸ்ஸில் பின் சீட்டுக்காரர்கள் பேசுவதுகூடக் கேட்கும். இதை அவர் கவனித்துவிட்டார். கவனித்து, தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டார்.

நீங்கள் மட்டும் என்னவாம்? நீங்களும் முதலில் என்னைச் சந்தேகப்பட்டவர்தான். "கொழுப்பு, வேற ஒண்ணுமில்ல" என்று மாட்டிடம் சொல்லிக்கொண்டே தவிடு வைத்தீர்கள். நீங்கள் மெதுவாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டு சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டது. உங்களுக்கு மெதுவாகப் பேசவே வராது. அப்போது அது ஏன் என்று எங்களுக்குத் தெரியாது.

ஊருக்கு நீங்கள் மாட்டுத் தரகர். சந்தையில் துண்டை விரித்துப் போட்டு, அதற்கடியில் விற்கிறவன் விரலையும் வாங்குகிறவன் விரலையும் பிடித்து விலை பேசி முடிக்கிற கைகாரர். வாய் திறந்தால் மூடமாட்டார், அடுத்தவனைப் பேசவிட மாட்டார், பிடிவாதக்காரர் என்று பெயர். பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் திரும்பமாட்டார், அவ்வளவு கர்வம் என்பார்கள். ஒருவர்கூட, இந்த மனுசனுக்குக் காது கேட்கிறதா என்று யோசிக்கவில்லை. நானும்தான்.

அந்தப் பஸ் பயணம் நினைவிருக்கிறதா? குழந்தைக்கு ஊசி போட நான் சின்னமனூருக்கு, நீங்கள் சந்தைக்கு. பஸ்ஸில் பாட்டு அலறுகிறது, வண்டி தடதடக்கிறது. பின்னால் இரண்டு பெண்கள் உங்கள் மீசையைப் பற்றிப் பேசிச் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

"என்னத்துக்குச் சிரிக்கிற?" என்றீர்கள்.

"உங்க மீசையைப் பாத்தா கெடா மாட்டுக் கொம்பு மாதிரி இருக்காம், மாமா."

"என்ன?"

மறுபடி சொன்னேன். மறுபடி "என்ன?" என்றீர்கள்.

"கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லேன் ஆத்தா!"

"இதுக்கு மேல எப்பிடி மாமா சத்தமாப் பேச? மண்டைக்குள்ள இடிக்குது."

நான் பேசினது பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்டிருக்காது என்று பிறகு தெரிந்தது. எனக்கு மட்டும்தான் அது இடி. கண்டக்டர் வந்து சில்லறை கேட்டார். உங்களுக்குக் கேட்கவில்லை. நான் கேட்டுச் சொன்னேன். நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். சின்னமனூர் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் பேசாமல் வந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதன் பிறகு சில நாள்தான். நான் கொட்டகையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிப் பிரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் தொட்டிலில் சுகந்தி அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்திருக்கிறாள். எனக்கு ஒன்றுமே தெரியாது. உங்கள் மகன் தோட்டத்திலிருந்து வந்தவர் அதைப் பார்த்துவிட்டுப் போட்டாரே ஒரு சத்தம்! நான் பதறித் திரும்பினேன்.

"இப்ப மட்டும் எப்பிடிடி கேட்டுச்சு?" என்றார்.

பிள்ளையை எடுத்து அணைத்துக்கொண்டு அழுதேன். பெற்ற பிள்ளை அழுவதுகூடக் கேட்காத என்னை எனக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் வருசநாட்டிலிருந்து என் அண்ணனை வரவழைத்தார். கூடத்தில் பாயைப் போட்டு எல்லாரும் உட்கார்ந்தோம். நான் சுவர் ஓரம் நின்றேன். இப்படிப் பஞ்சாயத்துப் பேசுகிற நேரத்தில் எல்லாரும் குரலை உயர்த்தினார்கள், அதனால் எனக்கு எல்லாமே கேட்டது. அதுவும் எனக்கு எதிராகப் போனது.

"பஸ்ஸுல ஊர்க்கதை பூராக் கேக்குது மச்சான். மெசின் ஓடுறப்பக் கூப்பிட்டாத் திரும்புறா. வீட்டுக்குள்ள நான் பேசுனா மட்டும் செவிடு. பச்சப்புள்ள அழுதாச் செவிடு. இது காதுக் கோளாறா, திமிரா? நீங்களே சொல்லுங்க."

அண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "கூட்டிட்டுப் போறேன் மாப்ள. கொஞ்ச நாளைக்கு அங்கன இருக்கட்டும்" என்றது. கொஞ்ச நாள் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அப்படிப் போய்த் திரும்பாத பெண்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நான் துணியை எடுத்து வைக்க உள்ளே திரும்பினேன்.

அப்போதுதான் நீங்கள் எழுந்தீர்கள்.

"ஏலே, நில்லு. அவ காது கெடக்கட்டும். என் காது கேக்குதான்னு எவனாச்சும் கேட்டீகளாடா?"

உங்கள் மகன் விழித்தார். நீங்கள் போய்ச் சுவரைப் பார்த்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டீர்கள். "இப்ப என்னைய ஏதாச்சும் திட்டுடா பாப்பம்."

"அப்பா, என்னப்பா இது, சும்மா இருங்க."

நீங்கள் சுவரைப் பார்த்தபடியே நின்றீர்கள்.

"அப்பா!"

அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "திட்டிட்டியா, இன்னும் இல்லையா?" என்று கேட்டீர்கள். உங்கள் மகன் முகம் வெளுத்துவிட்டது. எழுந்து போய் உங்கள் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

"ஏழெட்டு வருசமா இப்பிடித்தாண்டா. மொகத்தப் பாத்தா வாய் அசைவுல பாதி புரியும். மீதிய நானே பேசிச் சமாளிச்சுருவேன். இந்த வீட்டுல காது விசயத்துல பொய் சொல்லுற ஆளு நாந்தான், இவ இல்ல."

"அப்புறம் சந்தையில எப்பிடிப்பா?"

"துண்டுக்குள்ள என்னடா சத்தம்? வெரலுதானே பேசுது. செவிட்டுத் தரகன்னு தெரிஞ்சா எவன் என் கையில கயித்தக் குடுப்பான்? அதான் சொல்லல."

பிறகு என்னைக் காட்டினீர்கள். "எனக்குப் பஸ்ஸுல ஒண்ணும் கேக்காது, வீட்டுல கொஞ்சம் கேக்கும். இவளுக்கு வீட்டுல கேக்காது, பஸ்ஸுல கேக்குது. நடிக்கிறவளா இருந்தா, என்னைப் பாத்துல்ல நடிச்சிருக்கணும்? தலைகீழா எதுக்கு நடிக்கணும்? எனக்கு வெவரம் பத்தல. நாளைக்குத் தேனிக்கு டாக்டர்கிட்டப் போறோம். மொதல்ல என் காதைப் பாக்கட்டும். அப்புறம் அவ காதை. நீயும் வா."

மாமா, அன்று அந்தக் கூடத்தில் நீங்கள் உங்கள் தொழிலையே பணயம் வைத்து எனக்காகப் பேசினீர்கள். என் அண்ணன் வாயிலிருந்து மறுநாளே அது சந்தைக்குப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு உங்கள் காலில் விழ வேண்டும்போல இருந்தது. விழவில்லை. உங்களுக்கு அதெல்லாம் பிடிக்காது.

தேனியில் அந்தக் காது டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. கவட்டை மாதிரி ஒரு இரும்பைத் தட்டி, உங்கள் காதுக்கு முன்னால் பிடித்தார். அடுத்து அதன் அடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். எங்கே சத்தம் அதிகம் என்று கேட்டார். முன்னால் என்றீர்கள். எனக்கும் அதையே செய்தார். முன்னால் பிடித்தபோது ஏதோ தூரத்தில் கேட்டது. எலும்பில் வைத்ததும், ஆத்தாடி, தலை முழுக்க அந்த ரீங்காரம்! நான் அழுதுவிட்டேன். என் காது செத்துப்போகவில்லை என்று அந்த நொடியில் தெரிந்தது.

அப்புறம் அந்தக் கண்ணாடி அறை. காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் வந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நீங்கள் சத்தம் வராதபோதும் அமுக்கி, "சந்தையில யோசிச்சா விலை போயிரும்" என்று சொல்லித் திட்டு வாங்கினீர்கள்.

டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். உங்கள் மகன் திராட்சை போடுகிறவர் என்று தெரிந்ததும் தோட்டத்தை வைத்தே சொன்னார். "செடி வாடுது. சொட்டுநீர்க் குழாயில உப்பு அடைச்சிருக்கா, இல்ல வேரே பட்டுப்போச்சா? மேலருந்து பாத்தா ரெண்டும் வாட்டம்தான். வைத்தியம் வேற வேற."

எனக்குக் குழாயில் கோளாறு. காதுக்குள்ளே சவ்வுக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள் இருக்கின்றனவாம். அதில் கடைசியாக இருக்கிற, அரிசியை விடச் சின்னதான அங்கவடி எலும்பு ஆடி ஆடித்தான் சத்தத்தை உள்காதுக்குத் தள்ள வேண்டும். எனக்கு அது இறுகிப்போய் அசையவில்லை. இளவயசில் தொடங்குகிற கோளாறு, ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், குடும்பத்தில் தொடர்ந்து வரலாம். பிள்ளை உண்டாகிற சமயத்தில் கூடிவிடும் என்று சிலர் சொல்வதாகவும், அதில் டாக்டர்களுக்குள்ளேயே இன்னும் ஒரே பேச்சு இல்லை என்றும் சொன்னார். பஞ்சுக்கும் காற்றுக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. எண்ணெய் ஊற்றியதற்கும் இறகை விட்டதற்கும் நல்ல திட்டு கிடைத்தது. "சவ்வு கிழியாம இருக்கிறது உங்க அதிர்ஷ்டம்" என்றார்.

பஸ் ரகசியமும் அங்கேதான் உடைந்தது. இரைச்சலான இடத்தில் எல்லாரும் தங்களை அறியாமல் குரலை உயர்த்திவிடுகிறார்கள். அந்த இரைச்சல் எனக்குப் பாதிதான் கேட்கும், உயர்த்திய குரலோ நன்றாகக் கேட்கும். உள்ளே நரம்பு சுத்தமாக இருப்பதால் சொல் தெளிவாகிவிடுகிறது. உங்கள் மகன் நம்பாமல் பார்த்தார். டாக்டரம்மா அவரை இரண்டு காதையும் விரலால் அடைத்துக்கொண்டு பேசச் சொன்னார்.

"என் பேரு முருகேசன், ஊரு ஓடைப்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"உங்க குரல் உங்களுக்கு எப்படி இருக்கு?"

"இடிக்குது."

"அதான் அவங்க மெதுவாப் பேசுறாங்க. அவங்களுக்கு எப்பவும் அப்படித்தான்."

அவர் விரலை எடுக்காமலே இன்னொரு தடவை தன் பெயரைச் சொல்லிப் பார்த்தார். வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கு நடுவில், "தப்பாச் சொல்லிட்டேன்டி" என்றார். நான் கேட்காத மாதிரி நின்றேன். பஸ் இரைச்சலில் எனக்கு நன்றாகக் கேட்டது என்று அவருக்கும் தெரியும். சரி, அன்று மட்டும் அது திமிர்தான் மாமா.

உங்களுடையது வேர்ச் சங்கதி. "சின்ன வயசுல தொடர்ந்து ஊசி போட்டுக்கிட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டதும் நீங்கள் திகைத்துப்போனீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் காசநோய் வந்ததும், மாதக்கணக்கில் ஊசி போட்டதும் எங்கள் யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்து ஊசி உயிரைக் காப்பாற்றியிருக்கிறது, போகிற போக்கில் உள்காதின் நுண்ணிய இழைகளையும் கெடுத்திருக்கிறது. மேலே வயசும் சேர்ந்துவிட்டது. முதலில் கீச்சென்ற மெல்லிய சத்தங்கள் போகுமாம். பேச்சு காதில் விழும், ஆனால் என்ன சொல் என்று பிடிபடாது. இரைச்சலில் சுத்தமாகக் குழம்பிவிடும். அதற்கு அறுவை சிகிச்சை கிடையாது, காதுக்கருவிதான் என்றார். "அந்த ஊசி போடலன்னா நான் இங்கன இருந்திருக்க மாட்டேன்ல? போகட்டும் தாயி" என்றீர்கள்.

அதற்குப் பிறகு ஊரில் காது மந்தமானவர்களைப் பார்க்கும் கண்ணே எனக்கு மாறிவிட்டது. திருவிழாவில் வேட்டுப் போடுகிறவருக்குப் போனது சத்தத்தால். நூல் மில்லு, கல்லுடைக்கிற கிரஷர் என்று எங்கே வேலை பார்த்தாலும் பேரிரைச்சல் அதையேதான் செய்யும். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும்போதெல்லாம் பள்ளிக்கூடத்தில் "கவனம் இல்லை" என்று அடி விழுந்தது. பார்த்தால், சவ்வுக்குப் பின்னால் நீர் கோத்திருந்தது. மருந்தில் சரியானது. காதில் சீழ் வடிகிறவர்களைச் சும்மா விட்டால் ஓட்டை பெரிதாகி, உள்ளேயும் இறங்கி, குழாயும் வேரும் சேர்ந்து கெடும். அப்படி இரண்டும் கலந்தவர்களும் உண்டு. அக்கா மகளைக் கட்டியவர் வீட்டில் பிறவியிலேயே கேட்காத பிள்ளை. சொந்தத்துக்குள் கட்டும்போது அந்த வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்கிறார்கள். அம்மைக்கட்டு, மூளைக்காய்ச்சல் வந்து காது போனவர்களும் இருக்கிறார்கள். வெறும் அழுக்கு இறுகி அடைத்து, அதை எடுத்ததும் கேட்டுவிட்ட பெரியவரும் இருக்கிறார். இத்தனை பேரையும் ஒரே வார்த்தையில் செவிடு என்று ஓரம் கட்டி வைத்திருந்தோமே, எவ்வளவு பெரிய அநியாயம்?

எனக்கு மதுரையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஆபத்தே இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை, சிலருக்கு இருக்கிற காதும் போகலாம், தலைசுற்றல் வரலாம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். உங்கள் மகன் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தாளை மறுபடி மறுபடி படித்தார். நான் வாங்கிப் போட்டேன். காதை மட்டும் மரத்துப்போக வைத்து, இறுகிய எலும்பை எடுத்துவிட்டு ஒரு பொடிக் கம்பியை வைத்தார்கள். நான் விழித்துக்கொண்டேதான் கிடந்தேன். திடீரென்று யாரோ தட்டில் கத்தரிக்கோலைப் போட்ட சத்தம், "ணங்" என்று கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, அவ்வளவு அழகான சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு எல்லாமே அதிகமாகக் கேட்டது. பல்லி சத்தம், சேலை சரசரப்பு, குக்கர். எல்லாவற்றையும்விட நீங்கள்! "மாமா, கத்தாதீக, எனக்குக் கேக்குது" என்று நான் சொன்ன அன்று வீடே சிரித்தது. பதிலுக்கு உங்களைக் காதுக்கருவி மாட்ட வைத்தேன். மாட்டமாட்டேன் என்று எத்தனை அடம்! மாட்டிய முதல் நாள், தத்தி நடந்து வந்த சுகந்தியைப் பார்த்து, "பிள்ளைக்கு எப்பத்தா கொலுசு போட்டீக?" என்று கேட்டீர்கள். அவள் தவழ்ந்த நாளிலிருந்தே போட்டிருந்தாள் மாமா. நீங்கள் அவளைக் கூடத்துக்கும் வாசலுக்கும் நடக்க வைத்து நடக்க வைத்துக் கேட்டீர்கள். நான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சந்தையில் கொஞ்ச காலம் ஆட்கள் வேறு தரகரிடம் போனார்கள்தான். கருவியைப் பார்த்து, "என்ன தரகரே, ரேடியோவா?" என்று கிண்டலும் செய்தார்கள். "ஆமா, உன் மாடு பால் கறக்குற கணக்கச் சொல்லுது" என்று நீங்கள் திருப்பிக் கொடுத்தீர்களாம். அந்த இரைச்சலில் கருவி உதவவில்லை என்று அங்கே மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "காது கேக்காதப்பா, வெரலப் பிடி" என்று சொல்லியே வியாபாரம் பார்த்தீர்கள். போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் வரவே இல்லை. நீங்கள் அதைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை.

சுகந்திக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நமக்குள் நடந்த சண்டை இருக்கிறதே! பார்க்க வந்தவர்களிடமெல்லாம், என் காதைப் பற்றியும் அது பிள்ளைக்கும் வரலாம் என்பதைப் பற்றியும் நீங்களே எடுத்துச் சொன்னீர்கள். இரண்டு இடம் அதனாலேயே தட்டிப்போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் சோற்றுச் சட்டியை ணங்கென்று வைத்தேன்.

"வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன மாமா? வந்தாப் பாத்துக்கிரலாம்ல?"

"வந்தப்புறம் யாருத்தா பாப்பா? நீயா, நானா? அவுகதான் கூட இருந்து பாக்கணும். வெவரம் தெரியாதவுக என்னத்தப் பாப்பாக?"

போடியிலிருந்து வந்தவர்களிடமும் அதையே சொன்னீர்கள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து போய்விடவில்லை. அது எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். அமைதியில் கேட்காது, இரைச்சலில் கேட்கும் என்று சொல்லி, நீங்கள் முஷ்டியை மடக்கி அதற்குள் விரலை விட்டு, எலும்பு இறுகுவது இப்படித்தான் என்று காட்டினீர்கள். அவர்கள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். அத்தோடு மறந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

உங்கள் மகன் கதையையும் சொல்லிவிடுகிறேன். அத்தனை வருடம் மெசினை முதுகில் கட்டியதில் இப்போது அவர் காதில் ஓயாத இரைச்சல். சத்தத்தால் வந்தது, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காதை மூடுகிற கவசம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மாட்டாமல் தோட்டத்துக்குப் போனால் சோறு கிடையாது.

இனி போடிக்கு வருகிறேன். அன்று பஸ்ஸில் போகும்போது வழி நெடுக என்ன பேச வேண்டும் என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே போனேன். நீங்கள் எனக்காகக் கூடத்தில் நின்ற மாதிரி நான் என் மகளுக்காக நிற்க வேண்டும். சண்டை வந்தால் வரட்டும் என்றுதான் படி ஏறினேன்.

சம்பந்தியம்மா காபியைக் கையில் கொடுத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்குள் தொடங்கினார்கள்.

"நானே உங்களுக்குப் போன் பண்ணணும்னு இருந்தேன் சம்பந்தி. சுகந்தி இப்பல்லாம் ரொம்ப மெதுவாப் பேசுறா. நாங்க கூப்பிட்டாத் திரும்பல. மொதல்ல, எங்க மேல ஏதும் வருத்தமோன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, மிக்ஸி ஓடுறப்ப நான் சொல்றது மட்டும் அவளுக்கு நல்லா வெளங்குது. அன்னைக்கு உங்க மாமனார் வெரல மடக்கிக் காட்டிச் சொன்னாகளே, அதுவா இருக்குமோன்னு தோணுச்சு. போன வாரமே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிட்டோம்."

டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"அதேதானாம். நரம்பு நல்லா இருக்காம். பிரசவம் முடிஞ்சு நெதானமா ஆப்பரேசன் பண்ணிக்கிரலாம், வேணும்னா அதுவரைக்கும் காது மெசின் வச்சுக்கிரலாம்னு சொல்லிட்டாக. அதுவரைக்கும் நாங்க கொஞ்சம் சத்தமாப் பேசிக்கிறோம். என்ன கொறஞ்சு போகுது?"

உள்ளே சுகந்தியின் ஓரகத்தி, "அக்கா, உங்கம்மா வந்திருக்காக" என்று சத்தமாக, ஆனால் அதட்டாமல் கூப்பிட்டது கேட்டது. சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வெளியே வந்தாள். அந்த வீட்டில் எவர் முகத்திலும் கோபம் இல்லை. நான் கட்டிக்கொண்டு போன பேச்சு அத்தனையும் வீண். அன்று நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இந்த வீட்டிலும் இந்நேரம் பாயை விரித்திருப்பார்கள் மாமா.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் அழுதுகொண்டே வந்தேன். நல்ல அழுகை.

சுகந்தி ஒன்று கேட்டாள். "என் பிள்ளைக்கும் இது வருமாம்மா?" வரலாம், வராமலும் போகலாம் என்றுதான் சொன்னேன். பொய் சொல்ல வாய் வரவில்லை. குழந்தை பிறந்தவுடன் அது தூங்கும்போதே காதைச் சோதித்துப் பார்க்க இப்போது வழி இருக்கிறதாம். அதைச் செய்துவிடுவோம். இந்த எலும்புச் சங்கதி வந்தாலும் வளர்ந்த பிறகுதான் வருமாம். அப்படி வந்தால், அந்தப் பிள்ளை போய் வாழ்கிற வீட்டுக்கு நானே போய், உங்களைப் போலவே முஷ்டியை மடக்கிக் காட்டிச் சொல்வேன். நான் இல்லாவிட்டால் சுகந்தி சொல்வாள், அவளிடம் இப்போதே வாக்கு வாங்கிவிட்டேன். நம் வம்சத்தில் இனி ஒரு பெண்ணும் காது கேட்காததற்காகப் பையைக் கட்ட மாட்டாள். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற சத்தியம்.

நீங்கள் தடுத்து நிறுத்தியதால் இந்த வீட்டிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும்
உங்கள் மருமகள்,
முருகேசன் மனைவி, சுகந்தியின் அம்மா,
ஈஸ்வரி
ஓடைப்பட்டி